வாசிப்பவர் பட்டியல்

ஜூன் 14

அன்புள்ள கொக்குக்கு,

நான் நலம், முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு. உன் நலத்தை விசாரிக்கப் போவதில்லை. அதைத்தான் சுற்றறிக்கையில் பார்த்துவிட்டேனே. புதிய மாவட்டக் கல்வி அதிகாரி பொறுப்பேற்பு என்று ஒரு தாள், அடியில் பச்சை மையில் உன் கையெழுத்து. ஆசிரியர் பயிற்சி விடுதியில் இரண்டு வருடம் என் சோப்பைத் தேய்த்துக் குளித்தவள் விஷயத்தை எனக்கு அலுவலகத் தபாலில் சொல்கிறாள். போகட்டும், சந்தோஷத்தில்தான் திட்டுகிறேன். அந்தத் தாளை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் காட்டி, இவள் என் தோழி, கால் நீட்ட இடம் போதாமல் கட்டிலில் குறுக்கே படுப்பாள் என்று சொல்லி உன் மானத்தை வாங்கிவிட்டேன்.

போனிலும் பேசலாம்தான். ஆனால் போன வாரம் மூன்று நிமிடத்தில் நான்கு தடவை "பார்க்கலாம்" என்றாய். கடிதத்தில்தான் நீ பழைய கொக்காக இருப்பாய். அதனால் வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன். அலுவலகத்துக்கு அனுப்பினால் வரவு எண் போட்டுக் கோப்பில் கட்டிவிடுவார்கள்.

விடுதி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே நாம் பேசியது நினைவிருக்கிறதா? நம்மில் யாருக்கு நாற்காலி கிடைத்தாலும் முதல் வேலையாகக் கடைசி பெஞ்சுக்கு ஓர் ஆளை அனுப்ப வேண்டும் என்றோம். எனக்கு நாற்காலி கிடைக்காது என்பது அப்போதே தெரிந்திருக்கும், நான்தான் எட்டவே மாட்டேனே. இப்போது உன்னிடம் வசூலிக்க வந்திருக்கிறேன். இந்த வருடமும் எனக்கு நான்காம் வகுப்பு. முப்பத்தொரு பேரில் பன்னிரண்டு பேருக்கு வாசிக்க வரவில்லை. அதில் ஒருத்திக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருக்கிறேன். எந்தப் பாடத்தையும் ஒரு தடவை காதில் வாங்கினால் போதும், மூச்சு விடாமல் திருப்பிச் சொல்வாள். புத்தகத்தை நீட்டினால் முகத்தில் ஈயாடாது. முதல் மூன்று வகுப்பிலும் எல்லோரையும் காதாலேயே ஏமாற்றி வந்திருக்கிறாள். முப்பத்தொரு பேரை வைத்துக்கொண்டு அவளோடு தனியாக உட்கார எனக்கு நேரம் இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு வாசிப்பு ஆசிரியர் வேண்டும். அவ்வளவுதான்.

உன்
குருவி


ஜூன் 29

அன்புள்ள குருவி,

சோப்பு என்னுடையது. இருபத்தாறு வருடமாகப் பொய் சொல்கிறாய்.

உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் தலைமைப் பயிற்சியைத் தொடங்கினேன். மாவட்டத்தின் நாற்பது தலைமையாசிரியர்கள், மாதம் இரண்டு நாள், பத்து மாதம். பதிவேடு எழுதவும் மணி அடிக்கவும் அல்ல. தன் பள்ளியில் யார் பின்தங்குகிறார்கள், ஏன் எப்போதும் அதே தெருப் பிள்ளைகளே பின்தங்குகிறார்கள் என்று பார்க்கிற கண்ணை அவர்களுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை. முதல் நாள் ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, உங்கள் பள்ளியில் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று மட்டும் எழுதச் சொன்னேன். முப்பத்தாறு பேர் "இல்லை" என்று எழுதினார்கள். இரண்டு பேர் "ஓரிருவர்". ஒருவர் தாளைக் கேள்வித்தாள் என்று நினைத்துத் தன் பெயரை எழுதிக் கொடுத்தார். கடைசி ஆள் வெற்றுத்தாளைத் தந்தார். அவர் உன் தலைமையாசிரியர்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. எண்ணிக்கையே இல்லாமல் நான் எதைக் காட்டி ஆசிரியர் கேட்பேன்? எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், உண்மையை எழுதுகிறவருக்கு ஒரு கெடுதலும் வராது, நான் பொறுப்பு என்று. அந்த வெற்றுத்தாள்காரரை நீ கொஞ்சம் பேசிக் கரை. ஒரே ஒரு பள்ளி தொடங்கினால் போதும். என்னை நம்பு.

கொக்கு


ஆகஸ்ட் 5

அன்புள்ள கொக்குக்கு,

கரைத்துவிட்டேன். எங்கள் தலைமையாசிரியர் முத்திரைக்கு (எதைக் கொடுத்தாலும் முத்திரை குத்திவிட்டுத்தான் படிப்பார், நான் வைத்த பெயர்) ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கிறது. அதுவரை யார் கண்ணிலும் படாமல் இருந்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே கொள்கை. ஒரு மாதம் அவர் அறைக்கும் என் வகுப்புக்கும் நடந்தேன். உன் பெயரைச் சொன்னேன். என் தோழி வாக்குக் கொடுத்தால் மாறமாட்டாள் என்றேன். கடைசியில் வகுப்பு வகுப்பாகப் போய் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு நிமிடம் வாசிக்க வைத்துக் கேட்டோம். நூற்றுப் பன்னிரண்டு பேரில் நாற்பத்தேழு. பென்சிலில் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, பிறகு மையில் எழுதினார். பிறகுதான் முத்திரை குத்தினார்.

ரேடியோவின் அம்மா வந்திருந்தாள். சலவை நிலையத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். புருஷன் வேலைக்கென்று தூரதேசத் துறைமுகத்துக்குப் போய் இரண்டு வருடமாகிறது. அவன் எழுதிய இரண்டு கடிதங்கள் உறை பிரிக்காமல் தகர டப்பாவில் இருக்கின்றனவாம். முன்பெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி வாசித்துச் சொல்வாள், பிறகு தெரு முழுக்க வாசித்தும் விடுவாள். நான் வாசித்துச் சொல்கிறேன் என்றேன். வெட்கப்பட்டுத் தலையை ஆட்டினாள். "அவ அப்பா எழுதினது. அவளே படிச்சுச் சொல்லட்டும் டீச்சர். அதுவரைக்கும் இருக்கட்டும்."

அதனால் கேட்கிறேன், ஆசிரியர் எப்போது வருவார்?

குருவி


செப்டம்பர் 12

என் அருமைக் குருவி,

உன் முத்திரை செய்ததை நீ பார்த்திருக்க வேண்டும். நாற்பது பேர் நடுவில் எழுந்து நின்று, "எங்க பள்ளியில நாப்பத்தேழு பேருக்கு வாசிக்கத் தெரியாதுங்க" என்றார். பிறகு பின்வரிசையில் ஒருவர், தன் பழைய தாளைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டார். மாலைக்குள் முப்பத்தெட்டுப் பள்ளிகள் தாளை மாற்றி எழுதிவிட்டன. மாவட்டம் முழுக்க இரண்டாயிரத்து முந்நூறு பிள்ளைகள். நான் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இருபத்தாறு வருடத்தில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை அது.

அறிக்கை மேலிடத்துக்குப் போய்விட்டது. அறுபது வாசிப்பு ஆசிரியர்கள் கேட்டிருக்கிறேன். உன் பள்ளிதான் முதலில். இன்னொன்று, ஒவ்வொரு வகுப்புக் கதவிலும் "வாசிப்பவர் பட்டியல்" ஒட்டச் சொல்லியிருக்கிறேன். ஒரு பிள்ளைக்கு வாசிப்பு வந்ததும் அதன் பெயரைப் பெரிய எழுத்தில் சேர்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும் அல்லவா? இது என் யோசனை, பாராட்டு.

உன் கொக்கு


டிசம்பர் 3

கொக்கு,

பாராட்டுகிறேன். பட்டியலில் இல்லாத பிள்ளைகளும் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வர வேண்டும் என்பதை மட்டும் நீ யோசிக்கவில்லை. ரேடியோ தினமும் காலையில் அதன் முன் நின்று மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் பார்க்கிறாள். அவளுக்குப் பார்த்ததும் தெரிகிற ஒரே சொல் அவள் பெயர். நான்தான் கற்றுக்கொடுத்தேன். அது அங்கே இல்லை என்று உறுதியானதும் போய் உட்கார்ந்துகொள்வாள்.

ஆசிரியர் வரவில்லை. நேற்றுச் சுற்றறிக்கைதான் வந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் உள்ள பதினொரு பள்ளிகள் ஜூன் மாதத்தோடு மூடப்பட்டு, அருகிலுள்ள "சிறந்த" பள்ளிகளோடு இணைக்கப்படும். எங்களுக்கு அருகிலுள்ளது நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், ஏழு கிலோமீட்டர். முத்திரைக்குத் தனியாக ஒரு கடிதம், இத்தனை காலம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று விளக்கம் கேட்டு. அவர் அதிலும் முத்திரை குத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். தாளை மாற்றாமல் "இல்லை" என்றே நின்ற இரண்டு பள்ளிகளும் பாராட்டுப் பட்டியலில் இருக்கின்றன.

ரேடியோவின் அம்மாவிடம் சொன்னேன். ஏழு கிலோமீட்டர் என்றால் அனுப்ப மாட்டேன், சலவை நிலையத்தில் மடித்து வைக்க ஆள் கேட்கிறார்கள் என்றாள்.

சுற்றறிக்கையின் அடியில் பச்சை மையில் ஒரு கையெழுத்து இருக்கிறது. அது உன்னுடையதா?

குருவி


டிசம்பர் 10

குருவி,

என்னுடையதுதான்.

நடந்ததைச் சொல்கிறேன், திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள். மேலிடத்துக் கூட்டத்தில் என் அறிக்கையைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள், உங்கள் பதினொரு பள்ளிகளும் சிவப்பு நிறத்தில். இவ்வளவு மோசமான பள்ளிகளை எதற்கு நடத்துகிறோம் என்று ஒருவர் கேட்டார். நான் எழுந்து பேசினேன். இவை மோசமான பள்ளிகள் அல்ல, பொய் சொல்லாத பள்ளிகள் என்றேன். நல்ல உரை, குறித்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்கள். அறுபதுக்குப் பதில் பதினெட்டு ஆசிரியர்கள் தந்தார்கள். அவர்களும் பிள்ளைகளோடு இணைப்புப் பள்ளிகளுக்குத்தான். நான் கையெழுத்துப் போடாவிட்டால் என் நாற்காலிக்குக் காத்திருக்கும் துணை அதிகாரி போட்டிருப்பார். போட்டால் ஒரு பேருந்தாவது கேட்டு வாங்கலாம் என்று போட்டேன். பேருந்து பரிசீலனையில் இருக்கிறது. பரிசீலனை என்றால் என்னவென்று உனக்கே தெரியும்.

பொறுப்பு என்று சொன்னவள் நான்.

ஒரு வழி இருக்கிறது. டிசம்பர் 31 வரை மறுகணக்கு எடுக்கலாம். உன் பள்ளியில் எண்ணிக்கை முப்பத்தேழுக்கு மேல் போகாவிட்டால் பள்ளி பிழைக்கும். கணக்கெடுப்பது வகுப்பாசிரியர்கள்தான். சரிபார்க்க யாராவது வரலாம், வராமலும் போகலாம். பயிற்சியில் நாற்பது பேருக்கு நான் என்ன சொல்லிக் கொடுத்தேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அதனால் இதற்குமேல் என் கை எழுத மறுக்கிறது. உனக்குப் புரியும்.

கொக்கு


ஜனவரி 4

கொக்கு,

புரிந்தது. செய்தும் முடித்துவிட்டேன்.

உண்மையான கணக்கு நாற்பத்தொன்று. தினமும் பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததில் ஆறு பேருக்கு வந்துவிட்டது. இன்னும் நான்கு பேர் வேண்டும். முத்திரை என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "போன தடவை நிஜத்தை எழுதுங்கன்னீங்க, எழுதினேன். இந்தத் தடவை பொய்யை எழுதுங்கன்னாலும் எழுதுறேன் டீச்சர். எந்த நாலு பேருன்னு மட்டும் நீங்களே சொல்லிடுங்க, எனக்குத் தெரிய வேண்டாம்." எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை.

யாராவது சரிபார்க்க வந்தால் மாட்டிக்கொள்ளாத நான்கு பேராகப் பார்த்து எடுத்தேன். காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லத் தெரிந்தவர்கள். முதல் பெயர் யாருடையது என்று நான் எழுத வேண்டியதில்லை. உன் விதிப்படி அந்தப் பெயர்களைக் கதவிலும் சேர்த்தேன்.

நேற்றுப் பள்ளி திறந்தது. ரேடியோ வழக்கம்போல விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். அடியில் விரல் நின்றது. அங்கேயே நின்றாள். மணி அடித்தும் உள்ளே வரவில்லை. பிறகு என் மேசைக்கு வந்து மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கு வாசிக்க வந்துடுச்சா டீச்சர்?"

நான் ஆமாம் என்றேன். முப்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வேறு என்ன சொல்வேன்? இப்போதாவது ஆசிரியரை அனுப்பு. அவள் கண்டுபிடிப்பதற்குள் அதை உண்மையாக்கிவிடுகிறேன்.

குருவி


ஜனவரி 16

குருவி,

உன் பள்ளி பிழைத்தது. பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். முத்திரையிடம் சொல், விளக்கக் கடிதத்தையும் நான் முடித்து வைத்துவிட்டேன்.

ஆசிரியர் வர மாட்டார். பதினெட்டுப் பேரும் மூடப்படும் பள்ளிகளின் பிள்ளைகளுக்கு மட்டும்தான். உன் பள்ளி இப்போது அதில் இல்லை. மூன்று தடவை கேட்டுப் பார்த்தேன். முன்னேறிய பள்ளிக்கு எதற்கு என்று என் அறிக்கையையே எனக்கு வாசித்துக் காட்டுகிறார்கள். ராஜினாமாக் கடிதம் ஒன்று எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். தினமும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறேன். நான் போனால் அந்தப் பேருந்தையும் கேட்க ஆள் இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன். அது உண்மையா, சாக்கா என்று எனக்கே தெரியவில்லை.

நீ அவளோடு தினமும் கால் மணி நேரமாவது உட்கார். முடியாது என்று தெரிந்தும்தான் எழுதுகிறேன். திட்டியாவது ஒரு வரி எழுது.

கொக்கு


பிப்ரவரி 11

கொக்கு,

இதை வீட்டுக்கு அனுப்பவில்லை, அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். இரண்டு தாள். ஒன்று உனக்கு.

நான் கால் மணி நேரம் உட்காரத்தான் செய்தேன். அவள் உட்காரவில்லை. எனக்குத்தான் வந்துவிட்டதே டீச்சர் என்று விளையாடப் போய்விட்டாள். நான் எந்த வாயால் கூப்பிடுவேன்?

முந்தாநாள் அவள் அம்மா வந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம், இதற்கு முன் நான் பார்த்ததில்லை. மகளுக்கு வாசிக்க வந்துவிட்டது என்று தெரிந்த அன்றே டப்பாவைத் திறந்திருக்கிறாள். ரேடியோ இரண்டு கடிதத்தையும் "வாசித்து"விட்டாள். அப்பா சுகமாக இருக்கிறார், நம்மை நினைத்துக்கொண்டே இருக்கிறார், பிப்ரவரியில் வருகிறார். அம்மா அவனுக்கு ஒரு சட்டை வாங்கியிருக்கிறாள். சலவை நிலையத்தில் விடுப்பும் சொல்லிவிட்டாள். என்ன தேதி என்று கேட்டால் மட்டும் மகள் மென்று விழுங்குகிறாளாம். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். இரண்டாவது கடிதத்தைப் பிரித்து, ஒரு வரியில் விரலை வைத்துக் காட்டினாள்.

"இதுல பதினாலுன்னு போட்டிருக்கு. அதானே டீச்சர் வர்ற தேதி?"

பதினான்கு என்றுதான் இருந்தது. இங்கே பதினான்கு மாதமாக எனக்கு வேறு குடும்பம் இருக்கிறது, இனி காத்திருக்க வேண்டாம், பெண்ணைப் பார்த்துக்கொள் என்று இருந்தது.

மறைத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. தேதி சரிதான் என்று சொல்லியிருந்தால் அவள் சட்டையோடு பேருந்து நிலையத்தில் நின்றிருப்பாள். நான் அந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாக வாசித்தேன். அவள் அழவில்லை. காகிதத்தை வாங்கி மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். நிமிர்ந்து பார்த்தால் கதவருகே, அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில், ரேடியோ நின்றுகொண்டிருக்கிறாள். எத்தனை நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. ஒரு தடவை கேட்டால் போதும் என்று அவளைப் பற்றி உனக்கு எழுதியிருந்தேன். இனி அவளுக்கு அது ஆயுசுக்கும் மறக்காது.

நேற்று வரவில்லை, இன்றும் வரவில்லை.

இரண்டாவது தாள் திருத்தம். வாசிக்கத் தெரியாதவர்கள் நாற்பத்தொரு பேர். நான்கு பெயர்களைப் பொய்யாகச் சேர்த்தது நான், தலைமையாசிரியருக்குத் தெரியாது. பள்ளி போகும் என்று எனக்குத் தெரியும். பள்ளி இருந்து அவளுக்கு என்ன கிடைத்தது? எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. அந்தத் தாளில் உண்மை இருக்க வேண்டும் என்பது மட்டும்தான்.

இன்னொன்று. சோப்பு உன்னுடையதுதான். இனி வீட்டு முகவரிக்கு என்னிடமிருந்து கடிதம் வராது.

நான்காம் வகுப்பு ஆசிரியை


மாவட்டக் கல்வி அலுவலகம்
பிப்ரவரி 20

அம்மையீர்,

பொருள்: வாசிப்புக் கணக்கு, திருத்தம் கோருதல் தொடர்பாக.
பார்வை: தங்கள் கடிதம், நாள் பிப்ரவரி 11.

பார்வையில் காணும் கடிதம் பெறப்பட்டது. மறுகணக்குக்கான கால வரம்பு டிசம்பர் 31 அன்று முடிவடைந்துவிட்டதால் தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை. தங்கள் பள்ளியில் வாசிக்கத் தெரியாத மாணவர் எண்ணிக்கை முப்பத்தேழு என்பதே இறுதியானது. வாசிப்பவர் பட்டியலில் உள்ள பெயர்கள் மாற்றமின்றித் தொடரும்.

மாவட்டக் கல்வி அதிகாரி

குருவி, தட்டச்சு செய்தவர் எழுந்து போன பிறகு அடியில் எழுதுகிறேன். உன் திருத்தத்தை ஏற்றால் பள்ளி போய்விடும். ஏற்காவிட்டால், அவளுக்கு வாசிக்கத் தெரியும் என்று நானும் எழுதிக் கொடுத்ததாகிவிடும். ஒரு வாரம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் பள்ளிக்கு வந்தாளா என்று யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. என் கையில் மிச்சமிருந்தது டிசம்பர் 31 என்ற அந்தத் தேதி ஒன்றுதான். அதையே காரணமாகப் போட்டுவிட்டேன்.

கொக்கு